மலையிலிருந்து கல்லூரிக்கு: முதல் வருடத்தைக் கடப்பது எப்படி

விடுதியில் சேர்ந்த மூன்றாவது நாள். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் கேட்டான்: "நீ மலையாளியாமே? ஆனா தமிழ் நல்லா பேசுறியே!" நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குப் பின்னால் இருந்தவன், "ஓணத்துக்கு ஊருக்குப் போவியா சேட்டா?" என்றான். சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் சேட்டன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். நாங்கள் கேரளத்து மலையாளிகள் இல்லை. ஜவ்வாது, கொல்லி, கல்வராயன், சேர்வராயன், சித்தேரி, பச்சை மலைகளில் இருக்கும் மலையாளிப் பழங்குடி. வீட்டில் பேசுவது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் நாங்கள்தான். அப்படியும் 2011 கணக்கெடுப்பில் எஸ்.டி. மக்கள் எல்லோரையும் சேர்த்தாலும் 8 லட்சத்தைத் தொடவில்லை, மாநிலத்தில் 1.1 விழுக்காடு. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் நம் பங்கு 1. அறுபது பேர் வகுப்பில் கணக்குப் போட்டால் ஒரு முழு ஆள்கூட வராது. அதனால் பெரும்பாலும் அந்த வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் தெரியாமல் போனேன்.

மலையாளி, இருளர், காட்டுநாயக்கர், குறும்பர், யாராக இருந்தாலும் சரி, மலையிலிருந்தோ ஊர்க் கடைசியிலிருந்தோ தனியாக ஒரு பெரிய கல்லூரிக்குள் போகிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

மலை இறங்குவதற்கு முன்: காகிதங்கள்

ஆதிதிராவிடர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவார். நமக்குக் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர் தர வேண்டும். 1989 நவம்பரிலிருந்து இதுதான் முறை. அதாவது ஒரு படி அதிகம், விசாரணை அதிகம், அலைச்சல் அதிகம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் கவுன்சிலிங் முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்கோ, சித்தப்பா, அத்தைக்கோ சான்றிதழ் இருந்தால் அதன் நகலை முன்னால் வையுங்கள். குடும்பத்தில் யாருக்குமே இல்லை என்றால் விசாரணைக்கு ஆள் வருவார்கள். அன்றைக்கு வீட்டில் விவரம் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூலிக்குப் போகாமல் இருக்கட்டும்.

ஒரு கொசுறு: அரசின் எஸ்.டி. பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்களும் இருக்கின்றன. ஈரோடு மாவட்டம் அதில் இல்லை. பர்கூர் மலையில் இருக்கும் நம் ஆட்கள் இதற்காகப் பல வருடமாகப் போராடுகிறார்கள்.

மூலச் சான்றுகளை எந்த ஆபீசிலும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரி அவற்றைப் பார்த்து, நகலை வைத்துக்கொண்டு, மூலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. பத்து செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

அப்புறம் பணம். தனியார் கல்லூரி என்றால் 'ஜி.ஓ. 92' என்ற வார்த்தையை மனப்பாடம் செய்யுங்கள். 2012 செப்டம்பரில் வந்த அரசாணை. கவுன்சிலிங் மூலம் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆபீசில், "இப்போ கட்டிடு, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தரோம்" என்பார்கள். கடன் வாங்கிக் கட்டாதீர்கள். "சார், ஜி.ஓ. 92படி விண்ணப்பிக்கிறேன். பணம் கட்டச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், நல அலுவலகத்தில் காட்டுகிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பாதிப் பேச்சு நின்றுவிடும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பெண்களானால் புதுமைப் பெண், ஆண்களானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முன்னது 2022இல் தொடங்கியது, பின்னது 2024இல். நம் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான். யாராவது இல்லை என்றால் நம்பாதீர்கள். கல்லூரியில் யு.எம்.ஐ.எஸ். என்ற அரசுத் தளத்தில் உங்கள் விவரத்தை ஏற்றியிருக்கிறார்களா என்று மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

என் தங்கச்சிக்கு ஏழு மாதம் அந்தப் பணம் வரவில்லை. ஆபீசில் கேட்டால் "போட்டாச்சு" என்கிறார்கள், பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால், எட்டாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கு ஒன்றில் போய் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பாஸ்புக்கை எலி தின்று நான்கு வருடம். வங்கிக் கணக்கோடு ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஆதாரோடு கோத்துவைக்கும் 'ஆதார் சீடிங்' வேறு. வங்கியில் அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

விடுதியும் அந்தக் கேள்வியும்

அரசு மாணவர் விடுதிகளை 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வாயில் பழைய பெயர்தான் வருகிறது. கல்லூரி விடுதியா, அரசு விடுதியா என்று கேட்டால், முதல் வருடம் அரசு விடுதி என்பேன். அங்கே உங்களை மாதிரி வந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். எந்த ஆபீசில் எந்த ஜன்னல், எந்த அண்ணனிடம் பழைய கேள்வித்தாள் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஆனால் வகுப்பு முடிந்ததும் நேராக விடுதி, விடுதியிலிருந்து நேராக வகுப்பு என்று இருந்துவிடாதீர்கள். நான் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டு நினைப்பு வரும். "ஒரு மாசம் ஊருக்கே போகாதே, பழகிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாவது வாரமே போய்விட்டு வாருங்கள், ஆனால் திரும்பும் நாளை முடிவு செய்துவிட்டுப் போங்கள். போளூரில் கடைசி பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். "நீ என்ன ஆளு?" இப்படி நேராகக் கேட்பவர்கள் குறைவு. "ஊர்ல எந்தத் தெரு?", "உங்க சாமி என்ன?", "அப்பா பேரு முழுசா என்ன?" என்று சுற்றி வருவார்கள்.

ஆதிதிராவிடர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூர்க் கலாசாலையில் படித்தபோது சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் ஊரையும் சாதியையும் கேட்டுவிடுவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் முதல் மணி அடிக்கும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தவன்தான்.

சைக்கிள் ஸ்டாண்டைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். "கேரளாவா?" என்று கேட்டவர்களிடம் ஒரு கட்டத்தில் "ஆமா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அது வசதியாக இருந்தது. கேரளாக்காரனை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பாலக்காடு என்று ஊர்கூட வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, ஸ்காலர்ஷிப் படிவம் வாங்கிக்கொள்ள வேண்டியவர்களின் பட்டியலைச் சாதிவாரியாக அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். எஸ்.டி. என்ற தலைப்புக்குக் கீழே ஒரே பெயர்.

மதியம் ஒருவன், "ஏன்டா, நீ செம்மரம் வெட்டப் போகலையா?" என்றான். 2015ஆம் வருடம் அது. அந்த ஏப்ரல் 7ஆம் தேதிதான் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்திருந்தார்கள். பலர் எங்கள் மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். அதில் ஒருவர் வீட்டுக்கு அப்பாவோடு துக்கத்துக்குப் போய் வந்து இரண்டு மாதத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். அன்றைக்கு அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாலக்காட்டுக்காரனாக இருந்துவிட்டு எந்த வாயால் சொல்வது?

அதனால் பொய் சொல்லாதீர்கள். ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, பொய்யைக் காப்பாற்றுவது முழுநேர வேலை. ஒரு நண்பனை ஊருக்குக் கூப்பிட முடியாது, அம்மா போன் செய்தால் வெளியே ஓட வேண்டும். அதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்றும் இல்லை. "ஜவ்வாது மலை. சாமை விளையற ஊரு, வந்தா சாமைச் சோறு போடறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் தோண்டுகிறவனிடம், "எதுக்குக் கேக்குற?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுக்குப் போய்விடும்.

உந்தமும் மொமென்டமும்

நான் பி.எஸ்சி. இயற்பியல். முதல் இரண்டு வாரம் 'மொமென்டம்' என்றால் பள்ளியில் நடத்தாமல் விட்ட ஏதோ பெரிய பாடம் என்று பயந்துகொண்டிருந்தேன். உந்தம்தான் அது. 'இனர்ஷியா' நிலைமம். 'எலெக்ட்ரிக் ஃபீல்ட்' மின்புலம். எனக்குப் பாடம் தெரிந்துதான் இருந்தது, பெயர்தான் தெரியவில்லை.

பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் கலைச்சொல் பட்டியலைக் கிழிக்காமல் கொண்டுவாருங்கள். நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, வாத்தியார் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தபடி வலப்பக்கம், அதற்கு நீங்கள் அறிந்த தமிழ் இடப்பக்கம். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். ஒரு செமஸ்டரில் இருநூறு சொல் சேர்ந்தால் வகுப்பு புரிய ஆரம்பித்துவிடும். கேள்வியைத் தமிழில் கேளுங்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேருக்கும் அதே சந்தேகம் இருக்கும். தேர்வைத் தமிழில் எழுதலாமா என்று துறையில் கேட்டுவையுங்கள், பல கலைக் கல்லூரிகளில் எழுதலாம்.

ஒரு சாவி தேடிக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் செமஸ்டரில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனபோது எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. திட்டவுமில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான், நான் வராததால் அங்கே எந்த வேலையும் நிற்கவில்லை, அவ்வளவுதான். "பழகுப்பா, சிரிச்சுப் பேசு, தானா சேர்த்துக்குவாங்க" என்று விடுதி அண்ணன்கள் சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது செமஸ்டரில் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தேன், நாட்டு நலப்பணித் திட்டம். மதிய உணவு தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். 1969இலிருந்து நடக்கும் திட்டம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை, ஒரு தடவை ஏழு நாள் கிராம முகாம். எங்கள் என்.எஸ்.எஸ். அறை மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து மாதிரி இருக்கும். உள்ளே எட்டு மண்வெட்டி, நான்கு கடப்பாரை, தார்ப்பாய், மைக் செட், போன வருடத்து பேனர். சாவி வைத்திருந்த சீனியர் பாஸாகிப் போகும்போது, விடுதி பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக அதை என்னிடம் கொடுத்தார். சிவப்புக் கயிறு கட்டிய பித்தளைச் சாவி.

அடுத்த சனிக்கிழமை நான் தூங்கிவிட்டேன். ஏழே காலுக்கு என் அறைக்கதவை மூன்று பேர் தட்டினார்கள். "சேட்டா, சாவி எங்கடா? இருபது பேர் வெயில்ல நிக்கறாங்க!" திட்டிக்கொண்டேதான் கேட்டார்கள். கல்லூரியில் என்னைத் தேடி ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. பல் விளக்காமல் ஓடினேன்.

முகாம் செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில். மழை பிடித்துக்கொண்டது, காஸ் அடுப்பு எரியவில்லை. ஈர விறகைப் பட்டை உரித்து, மூன்று கல் வைத்து, காற்று வரும் திசைக்குத் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டிப் பற்றவைத்தேன். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை செய்யும் வேலை. நாற்பது பேருக்கு உப்புமா ஆயிற்று. "எங்கடா கத்துக்கிட்ட?" என்றார்கள். "மலையில" என்றேன். அன்றைக்கு எந்த மலை என்று கேட்டார்கள், சொன்னேன். செம்மரம் பற்றிக் கேட்டவனும் அந்த முகாமில் இருந்தான். ராத்திரி அவனிடம் அந்தத் துக்க வீட்டைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அப்புறம் அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை. சேட்டன் என்ற பெயர் மட்டும் போகவில்லை, இன்றைக்கும் வாட்ஸ்அப் குழுவில் நான் சேட்டன்தான்.

என்.எஸ்.எஸ்.தான் என்றில்லை. கபடி அணியில் ஸ்கோர் எழுதுவது, லேபில் லென்ஸ் எண்ணி அடுக்குவது, தமிழ் மன்றத்தில் நாற்காலி போடுவது, பறைக் குழுவில் பறையைத் தீயில் காய்ச்சுவது, எதுவானாலும் சரி. பதவி தேடாதீர்கள். தலைவர், செயலாளர் பதவிக்கு அடிதடி இருக்கும், சாதிக் கணக்கும் இருக்கும். சாவிக்குப் போட்டி கிடையாது. நீங்கள் வராவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்று, வாரம் ஒரு முறையாவது, உங்கள் கையில் இருந்தால் போதும்.

கூடவே நம் ஆட்கள் கூடும் இடம் ஒன்றும் வேண்டும். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் மாதிரி இருந்தால் போய்ப் பாருங்கள், பிடித்தால் இருங்கள். இல்லையென்றால் விடுதியில் நான்கு பேர் ஞாயிறு மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்தாலும் அதுவே போதும். வெளியே ஒரு வட்டம், உள்ளே ஒரு வட்டம். உள்வட்டம் மட்டும் இருந்தால் கல்லூரியைப் பார்க்காமலே மூன்று வருடம் போய்விடும், வெளிவட்டம் மட்டும் இருந்தால் ராத்திரி பேச ஆள் இருக்காது.

யாராவது இழிவாகப் பேசினால்

நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார்: அன்றைக்கே எழுதிவையுங்கள். மெசேஜ் என்றால் ஸ்கிரீன்ஷாட். தனியாகப் போய்ப் புகார் கொடுக்காதீர்கள், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லூரியில் எஸ்.சி., எஸ்.டி. செல் அல்லது சம வாய்ப்பு மையம் எங்கே இருக்கிறது, பொறுப்பாசிரியர் யார் என்பதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே தெரிந்துவையுங்கள். பூட்டிய கதவில் போர்டு மட்டும் தொங்கலாம். அப்போது எழுத்துப் புகாரைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

ராகிங் என்றால் 1800-180-5522, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டமே 1997இல் வந்துவிட்டது. பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், அதற்கான உதவி எண் 14566. மனசு ரொம்பவும் கனத்து, தூக்கம் போய், சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த மூன்று எண்ணையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

எதற்குப் படிக்கிறோம்

இதற்கு முதல் வருடத்திலேயே பதில் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். ஒளியியல் நடத்திய ஐயா ஒருநாள், "உங்க மலையிலதானேப்பா காவலூர் இருக்கு?" என்றார். ஆலங்காயம் பஸ்ஸில் போகும்போது தெரியும் வெள்ளைக் கோளத்தைச் சின்ன வயதில் தண்ணீர் டேங்க் என்று நினைத்திருந்தேன். வைணு பாப்பு வானாய்வகம் அது. 1986இல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அப்போது ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். எங்கள் மலையில் ஏன் வைத்தார்கள்? ராத்திரியில் விளக்கு இல்லாத இருட்டு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் தெரியும். கரண்ட் இல்லாத ஊர் என்று நான் கூச்சப்பட்ட அதே இருட்டு.

நான் வானியலாளர் ஆகவில்லை. இப்போது அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பி.எச்டி. பக்கம் போக ஆசை இருந்தால் எஸ்.டி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 பேருக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன், அந்த வருத்தம் இன்னும் உண்டு.

முதல் வருடம் முடிந்து மே மாதம் ஊருக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு என்னென்ன வைத்தோம் என்ற பட்டியல், யு.எம்.ஐ.எஸ். பதிவு எப்படிச் செய்வது என்று எழுதிய தாள், அந்த இருநூறு சொல் நோட்டின் ஜெராக்ஸ். பிளஸ் டூ முடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். சான்றிதழ் வராமல் நிற்பவர்கள் இருந்தால், மனு எழுதத் தெரிந்த கை உங்களுடையதுதான்.

அவர்களில் ஒருவன் உங்கள் கல்லூரிக்கே வருகிறான் என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீஸ் ஜன்னலைக் காட்டுங்கள். சாப்பாட்டு வரிசையில் அவனை முன்னால் விட்டு, அவனுக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள்.